கேட்குது சார்

என் காதைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்த தாள் ஒன்றின் நகல் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு கட்டத்தில் '20 சதவீதம், ஆயுள் முழுக்க' என்று இருக்கும். பக்கத்துக் கட்டத்தில், டிசபிலிட்டி பென்ஷனுக்குத் தகுதியான அளவு என்ற தலைப்பின் கீழ், 'நில்' என்று இருக்கும். காது போனது வாஸ்தவம், போனதற்கும் பட்டாளத்துக்கும் சம்பந்தமில்லை என்று அர்த்தம். பீரங்கிப் படையில் ஹவில்தாராக ஓய்வுபெற்றவனுக்குக் காது போனால் வேறு எதனால் போயிருக்கும்? ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் எங்கள் தெருவுக்கு வருகிற கீரைக்காரம்மாவிடம்கூட இந்தத் தாளைக் காட்டி நியாயம் கேட்டிருக்கிறேன். ஆனால் எல்லோரிடமும் காட்டியது கடைசிப் பக்கத்தைத்தான். முதல் பக்கத்தைக் காட்டியதில்லை. அது என் கையெழுத்தில் இருக்கிறது.

பணி முடிந்து வெளியே வருகிறவர்களை ஒரு மருத்துவக் குழு பார்க்கும். அதற்கான படிவத்தின் முதல் பகுதியை நாமே நிரப்ப வேண்டும். உனக்கு என்ன உபாதை, பட்டாளத்தில் சேரும் முன்பே இருந்ததா, அது வருவதற்கோ முற்றுவதற்கோ காரணம் என்று நீ நினைக்கிற சம்பவங்கள் என்னென்ன. நம்மிடம் இதையெல்லாம் கேட்க ஒரு நாதி உண்டா என்று மனுஷன் ஆயுள் முழுக்க ஏங்குகிற கேள்விகள். பதில் எழுத இடமும் விட்டிருந்தார்கள். 2010-ல் அந்தப் படிவம் என் கைக்கு வந்தபோது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க் நிமிராமலே சொன்னார்: "உஸ்தாத், ஸப் மே நில் லிக் தோ. ஜல்தி நிகல் ஜாவோகே." எல்லாத்துலயும் நில் போடு, சீக்கிரம் கிளம்பலாம். என் சட்டைப் பையில் ஊருக்கு வர கன்ஃபர்ம் ஆன ரயில் டிக்கெட் இருந்தது. போட்டேன். ஒவ்வொரு வரியிலும், ஒரே சீரான எழுத்தில், கோணாமல் போட்டேன். யுனிட்டில் என் கையெழுத்துக்கு நல்ல பேர்.

1961-ஆம் ஆண்டு ராணுவ ஓய்வூதிய விதிகள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குறைபாடு 20 சதவீதமாவது இருக்க வேண்டும். அது பணியால் வந்ததாகவோ பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். முதலாவதைச் சொல்ல டாக்டர்கள் இருந்தார்கள். இரண்டாவதுக்கு என்னைவிட்டால் சாட்சி கிடையாது. சாட்சி நில் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எழுத விஷயம் இல்லாமல் இல்லை. நாசிக்கை ஒட்டி தேவ்லாலியில் பீரங்கிப் பள்ளி இருக்கிறது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சுட்டுக் காட்டுவதற்கென்றே சில ரெஜிமெண்டுகளை அங்கே போட்டு வைப்பார்கள். அப்படி ஒன்றில் மாட்டினால், எல்லையை எட்டிக்கூடப் பார்க்காமல் எல்லையில் இருப்பவனைவிட அதிகமாகச் சுடலாம். 105 மில்லிமீட்டர் ஃபீல்டு கன் வெடிக்கும்போது பக்கத்தில் நிற்பவன் காதுக்கு வருவது 140 டெசிபெலைத் தாண்டிய சத்தம். அந்த அளவில் ஒரே வெடியில்கூட உள்காதின் நுண்மயிர் செல்கள் சாகலாம். செத்தவை மறுபடி முளைப்பதில்லை. அந்தக் காலத்தில் எங்களுக்குத் தடுப்பு என்றால் பஞ்சுதான். அதையும் நான் வைத்துக்கொண்டதில்லை. எங்கள் டிட்டாச்மெண்டில் காதில் பஞ்சோடு வருகிறவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பேர். கல்யாண வீட்டில் அத்தர் பஞ்சைச் செருகிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாரே, அவர் ஞாபகம். அந்தப் பேருக்குப் பயந்துதான் காதைக் கொடுத்தேன். இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இன்னொரு குற்றத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1999-ல் கார்கில் நடந்தபோதும் நான் தேவ்லாலியில்தான் இருந்தேன். ஆனால் மிலிட்டரிக்காரர் என்று தெரிந்ததும் நம் ஊரில் வருகிற முதல் கேள்வி, "கார்கில்ல இருந்தீங்களா?" ஆரம்பத்தில் இல்லை என்றுதான் சொன்னேன். கேட்டவர் முகம் சப்பென்று ஆகி, பேச்சு உடனே மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று மாறிவிடும். அதனால் 'ம்' என்று சொல்ல ஆரம்பித்தேன். 'ம்' பொய்யில் சேராது என்பது என் கட்சி. திருச்சி கண்டோன்மெண்டில் மேஜர் சரவணன் நினைவிடம் இருக்கிறது. பிகார் ரெஜிமெண்டில் இருந்த திருச்சிக்காரர், 1999 மே 29 அன்று படாலிக்கில் உயிரைக் கொடுத்தவர், வீர் சக்ரா. அந்த வழியாகப் போக நேர்ந்தால் எனக்குச் சரியாக அங்கே வந்ததும் மொபைலில் ஏதாவது பார்க்க வேண்டியிருக்கும்.

காது மந்தம் என்று எப்போது தெரிந்தது என்று வக்கீல் பின்னால் கேட்டார். 1996 வாக்கிலேயே தெரியும். அதை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றியதுதான் என் சர்வீஸிலேயே பெரிய சாதனை. பட்டாளத்தில் உடம்புக்கு 'ஷேப்' என்று ஒரு கணக்கு உண்டு. மனசு, செவி, கைகால், உடல்திறன், கண் என்று ஐந்துக்கும் தனித்தனியே தரம் போடுவார்கள். எல்லாம் ஒன்று என்றால் ஷேப்-1. செவியில் ஒரு படி இறங்கினால் கோர்ஸ் போகும், பிரமோஷன் தள்ளிப் போகும். செவிச் சோதனை ரொம்ப எளிது. டாக்டருக்கு முதுகைக் காட்டி ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒரு காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அவர் கிசுகிசுப்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். டாக்டர்களுக்கு இந்த விஷயத்தில் கற்பனை கம்மி. அறுபத்தாறு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்பது என்று அதே எண்களைத்தான் சொல்வார்கள். எனக்கு முன்னால் போனவன் வெளியே வரும்போதே, "இன்னிக்கு எண்பத்தெட்டுடா" என்று சொல்லிவிட்டுப் போவான். ஒரு வருஷம் புதிதாக வந்த டாக்டர் முதலில் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறார். நான் விறைப்பாக நின்று, "எய்ட்டி எய்ட், சார்!" என்றேன். வராந்தா முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார். சாப்பாட்டு நேரம் வேறு. நார்மல் என்று எழுதினார். அன்று மெஸ்ஸில் நான்தான் ஹீரோ.

அப்படி வாங்கிய நார்மல்கள் ஒவ்வொன்றும் கோப்பில் பத்திரமாக ஏறின. கடைசியில் யுனிட் அமைதியான ஓர் ஊரில் இருந்தபோது கருவியை மாட்டிப் பார்த்துப் பிடித்துவிட்டார்கள். கோப்பைப் புரட்டினால் என்ன தெரியும்? இத்தனை வருஷம் சுட்டபோதெல்லாம் காது நார்மல், பீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சும்மா இருந்தபோது போய்விட்டது. ஆகவே பணிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மருத்துவக் குழு அப்படி எழுதியதை எதிர்த்துத்தான் இப்போது வழக்கு நடக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு வேண்டிய மூலப்பொருள் முழுக்க என் சப்ளை.

நிராகரித்த கடிதம் ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. ஆங்கிலத்தில் முதல் வரியைப் படித்தேன், வருத்தத்துடன் தெரிவிப்பதாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் காகிதத்தைப் பெட்டிக்குள் போடுவேன். பேரும் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி, ஓய்வுபெற்ற எல்லோர் வீட்டிலும் இருக்குமே, அதில் போட்டேன். பெட்டி மேல் வீட்டுக்காரி கிரைண்டரை வைத்தாள். கடிதத்தின் கடைசிப் பத்தியில், ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்ததாம். பழியைக் கிரைண்டர் மேல் போட முடியாது. தபால்காரர் கொடுத்தபோது அது என் கையில்தான் இருந்தது.

வருஷங்கள் ஓடின. வீட்டில் கத்தி கேட்டால் ஊதுபத்தி எடுத்துக்கொண்டு போனேன். இந்த வகைக் காது மந்தத்தில் சத்தம் கேட்காமல் போவதில்லை, சொல்தான் தெளிவாக வருவதில்லை. மெல்லிய மெய்யெழுத்துகள் முதலில் போகும், உயிரெழுத்துகள் நிற்கும். அதனால் யாரும் என்னைச் செவிடன் என்று நினைக்கவில்லை, திமிர் பிடித்தவன் என்று நினைத்தார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. காதுக்குள் இடைவிடாத ஒரு ரீங்காரமும் உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு அரசு ஈட்டுத்தொகை கொடுக்கிற குறைபாடுகளில் முதலிடத்தில் இருப்பதே இந்த ரீங்காரம்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நான் அதை சிலிண்டர் கசிகிற சத்தம் என்று நினைத்து கேஸ் ஏஜென்சி பையனை வரவழைத்திருக்கிறேன்.

திருச்சியில் கேன்டீன் வரிசையில்தான் ஞானோதயம். முன்னால் நின்ற ரிட்டயர்டு சுபேதார் திரும்பி, "தரம்வீர் சிங் கேஸ் தெரியுமா?" என்றார். நான், "தருமபுரி பஸ்ஸா? சென்ட்ரல்ல நிக்கும் சாப்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "உனக்கு டிசபிலிட்டி வருதா?" என்றார். இல்லை என்றேன். "உனக்கா இல்லை?" என்றார்.

தரம்வீர் சிங் 1985-ல் சிக்னல்ஸில் சேர்ந்தவர். வலிப்பு வந்து 1994-ல் வெளியே அனுப்பப்பட்டார். 20 சதவீதம், ஆனால் பணிக்குச் சம்பந்தமில்லை என்று அவருக்கும் எழுதிவிட்டார்கள். 2013 ஜூலை 2 அன்று உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சேரும்போது குறை எதுவும் பதிவாகவில்லையென்றால் நல்ல உடம்போடு சேர்ந்தான் என்றே கொள்ள வேண்டும். பிறகு கெட்டுப்போய் வெளியேறினால் அது பணியால்தான் என்று அனுமானிக்க வேண்டும். நிரூபிக்கிற பாரம் சிப்பாயின் தலையில் இல்லை. சந்தேகம் வந்தால் அதன் பலன் அவனுக்கு. இல்லை என்று சொல்கிற மருத்துவக் குழு ஏன் என்று காரணம் எழுத வேண்டும். அடுத்த வருஷம் டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் இன்னொன்றும் சொன்னது. 50 சதவீதத்துக்குக் குறைந்த குறைபாட்டை 50 என்று தூக்கிப் போடும் சலுகை, பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு. நூறு சதவீதக் குறைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. ஆகவே என் இருபது 6 சதவீதம் ஆகாமல், ஐம்பதாகி 15 சதவீதம் ஆகும். நாடே எனக்காகச் சட்டத்தைத் துடைத்து வைத்துக் காத்திருந்தபோது நான் கேன்டீனில் ரம் கோட்டா முடிந்துவிடுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மேல்முறையீடு எழுத எங்கள் தெரு மாமாவிடம் போனேன். பொன்மலை ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். மனு எழுதுவதில் தெருவுக்கே அவர்தான். "விடு ஹவில்தார், ஒரே அடி" என்றார். அடி 1752-ல் ஆரம்பித்தது. அந்த வருஷம் ஜாக் லா என்ற பிரெஞ்சுத் தளபதி ஸ்ரீரங்கம் தீவுக்குள் முடங்கி, கோயில் மதிலுக்குள் படையை வைத்துக்கொண்டு, கடைசியில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தான். பீரங்கிச் சத்தத்தை இந்த மண் எத்தனை தலைமுறையாகக் கேட்டிருக்கிறது என்று மாமா ஆங்கிலத்தில் உருகியிருந்தார். என் காது நாலாவது பக்கத்தில்தான் வந்தது. அதற்கும் முன்னால் ஒரு வரியில் 'கார்கில் போரில் பங்கேற்ற' என்று இருந்தது.

"மாமா, இந்த வரி வேண்டாம்."

"ஏண்டா? அதுதான் பாயிண்டே."

"நான் போகலை."

"நீதானே சொன்னே?"

"ம்-னு மட்டும்தான் சொன்னேன்."

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் மாட்டிக்கொண்டு அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். ரயில்வே கணக்கில் அப்படித்தான் அடிப்பார்களாம், கீழே என்ன இருந்தது என்று தணிக்கைக்குத் தெரிய வேண்டுமாம். மாமியிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தார். சாயங்காலத்துக்குள் தெருவே என்னிடம் மேட்டூர் நீர்மட்டம் பேச ஆரம்பித்துவிட்டது.

கோர்ட்டுப் பக்கம் இருக்கிற டைப்பிங் கடையில் கொடுத்து அடித்தோம். நான் ஆங்கிலத்தில் வாசிக்க வாசிக்க அந்தப் பெண் அடித்தாள். காதுக்கும் வருஷத்துக்கும் என் வாயில் உச்சரிப்பு ஒன்றுதான், இயர். மனுவில் என் இடது வருஷம் வலித்தது, கடந்த பல காதுகளாக வலித்துக்கொண்டிருந்தது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து மறுபடியும் அழகாக வந்தது.

முதல் மேல்முறையீடு போக வேண்டியது நம் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு. பென்ஷன் ஆர்டர் பிரயாக்ராஜிலிருந்து வருகிறது, ஆகவே அங்கே அனுப்புவதுதான் முறை என்று நானே முடிவு செய்து ஸ்பீடு போஸ்ட் செய்தேன். இது எங்கள் அலுவலகம் பார்க்கிற விஷயம் அல்ல என்று ஒரு குறிப்போடு திரும்பி வந்தது. மாமா கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "திரிவேணி சங்கமம் போயிட்டு வந்திருக்குடா. நமக்கு எப்போ கிடைக்கப் போறது." சரியான விலாசத்துக்கு, காதும் வருஷமும் அதனதன் இடத்துக்கு வந்த பிறகு, மறுபடி அனுப்பினோம். நிராகரித்தார்கள். இரண்டாம் மேல்முறையீட்டுக் குழுவும் நிராகரித்தது. இந்த இரண்டு இடத்திலும் என் தவறு எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன், அபூர்வம் என்பதால்.

2023-ல் தணிக்கைத் துறையின் அறிக்கை ஒன்று பேப்பரில் வந்தது. ஓய்வுபெறும் அதிகாரிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேரும், மற்ற நிலையினரில் ஏறத்தாழ 18 சதவீதம் பேரும் டிசபிலிட்டி பென்ஷன் வாங்குகிறார்கள் என்று போட்டிருந்தது. மாமா வாசித்துவிட்டு, "நீ அந்தப் பதினெட்டுலயா?" என்றார். "இல்லை மாமா, பாக்கி எண்பத்திரண்டுல" என்றேன், மார்பை நிமிர்த்தி. அந்தப் பெருமை ராத்திரிச் சாப்பாடு வரை இருந்தது. அப்புறம்தான் நான் மேல்முறையீட்டுக்கு அலைந்ததே அந்தப் பதினெட்டில் சேரத்தான் என்று ஞாபகம் வந்தது. அதே வருஷம் செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்து, இந்தப் பணத்துக்குப் பெயரையே மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்களுக்கு அது பொருந்தாது. இல்லாவிட்டால் அதையும் தப்பாகப் புரிந்துகொண்டு ஏதாவது செய்திருப்பேன்.

மேல்முறையீடுகள் தீர்ந்த பிறகு இருப்பது ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ல் சட்டம் வந்து 2009-ல் செயல்படத் தொடங்கியது. சென்னையில் ஒரு கிளை இருக்கிறது. அங்கே நீதிபதியாக இருந்தவர் ஒருவரும், படையில் உயர்பதவி வகித்தவர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். வக்கீல் வைத்தோம். காதை இப்போது ஒருமுறை பரிசோதித்து ரிப்போர்ட் அனுப்புங்கள் என்றார். தில்லைநகரில் ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். கையில் ஒரு பட்டன். "ஐயா, பீப்னு சத்தம் கேட்டா அமுக்குங்க, கேக்கலைன்னா விட்டுடுங்க" என்று அந்தப் பெண் இரண்டு முறை சொன்னாள். என் மகள் வயசு இருக்கும். இதைவிடத் தெளிவாக ஓர் உத்தரவை நான் பட்டாளத்தில்கூட வாங்கியதில்லை. நான் அங்கே போனதே கேட்கவில்லை என்று காட்டுவதற்கு. கேட்காமல் இருந்தால் போதும், வழக்குக்கு பலம். ஆனால் கதவு சாத்தியதும் முதுகு தானாக நிமிர்ந்தது. கண்ணாடி வழியாக அவள் தோள் அசைவதைப் பார்த்தேன். தோள் அசைந்தால் ஏதோ திருகுகிறாள், திருகினால் சத்தம் வரும். அமுக்கினேன். தோள் அசையாதபோதும் ஒரு தாளம் பிடித்து, இந்நேரம் வந்திருக்கும் என்று அமுக்கினேன். போகப் போக உற்சாகமாகிவிட்டது. ஒன்றையும் விடவில்லை.

அவள் வெளியே வந்து தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயா, கேக்கலைன்னு நடிக்கிறவங்களைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றாள். எனக்கு வியர்த்தது. "கேக்குதுன்னு நடிக்கிறவங்களை இப்பதான் பாக்கறேன். நான் சத்தமே அனுப்பலை, நீங்க அமுக்கிட்டே இருந்தீங்க."

வாசல் பெஞ்சில் காத்திருந்த வீட்டுக்காரியை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பட்டனை அவர்கிட்ட ஏம்மா குடுத்தே?" என்றாள். கடைசியில் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு மறுபடி சோதித்தார்கள். அதற்கு மேல் ஒரு சோதனையும் செய்தார்கள். தலையில் வயர்களை ஒட்டி, காதுக்குச் சத்தம் அனுப்பி, மூளைக்குப் போகிற நரம்பு பதில் சொல்கிறதா என்று கருவியே பார்த்துக்கொள்கிறது. நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும், தூங்கினாலும் பரவாயில்லை. நான் பங்கெடுத்துக்கொள்ளாத காரணத்தால் முடிவு துல்லியமாக வந்தது. இரண்டு காதுமே மோசம், இடது ரொம்ப.

வக்கீலுக்கு ரிப்போர்ட் பிடித்தது. பிடிக்காதது கால தாமதம். ஏன் இத்தனை வருஷம் சும்மா இருந்தீர்கள் என்பதற்குத் தனியாக ஒரு மனு போட வேண்டும் என்றார். என்ன எழுதுவது? மகள் கல்யாணம் என்று எழுதலாம், அது முடிந்தே வெகுகாலம். கிரைண்டர் என்று எழுதலாம். "விதிகள் தெரியாத காரணத்தால்னு போட்டுக்கறேன்" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. கவலைப்பட வேண்டாம், பென்ஷன் விஷயத்தில் பாதிப்பு மாதாமாதம் தொடர்வதால் தாமதத்துக்காகத் தள்ளமாட்டார்கள் என்று தைரியமும் சொன்னார். ஆனால் 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு கோடு போட்டிருக்கிறது. எவ்வளவு தாமதமாக வந்தாலும் பாக்கித் தொகை, மனுப் போட்டதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான். நான் மனுப் போட்டது 2024-ல். 2010-லிருந்து 2021 வரை உள்ளது போனது போனதுதான், ஜெயித்தாலும் வராது. மாமா அதற்கும் கணக்குப் போட்டு, அகவிலைப்படியெல்லாம் சேர்த்து, ஒரு தொகை சொன்னார். திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. முதல் தடவையிலேயே நன்றாகக் கேட்டது. அந்தத் தொகையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அதற்கு ஈடாக டிரங்குப் பெட்டியை மட்டும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கிரைண்டருக்கு இடம் எங்கே என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

விசாரணைக்கு நான் வர வேண்டாம் என்று வக்கீல் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். கிளினிக் கதையை வீட்டுக்காரி அவரிடம் சொல்லியிருக்கிறாள். "அங்க ஒரு ரிட்டயர்டு ஜெனரல் உக்காந்திருப்பார். அவர் எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நீங்க அட்டென்ஷன்ல நின்னு ஃபிட் சார்னு சொல்லிடுவீங்க" என்றார். அநியாயம் என்று நினைத்தேன். நினைத்துப் பார்த்ததில், சொல்லியிருப்பேன்தான். ஆனாலும் என் வழக்கு, நான் போகாமல் எப்படி? வருகிறேன், பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

போன வாரம் அவர் போன் செய்து தேதி சொன்னார். பின்னால் கோர்ட் சத்தம், என் பக்கம் ராஜகோபுரத்துக் கடைவீதிச் சத்தம். கடைசியில் 'ஒன்பது' என்று மட்டும் கேட்டது. ஒன்பதா, பத்தொன்பதா, இருபத்தொன்பதா? திரும்பக் கேட்டிருக்கலாம். "ரைட் சார், நோட்டட் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கேட்கவில்லை என்பதற்காகவே வழக்கு நடத்துகிற வக்கீலிடம் கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்பது ரொம்பக் கிட்டத்தில் இருந்ததால் அதுவாக இருக்காது என்று தீர்மானித்து, பதினெட்டாம் தேதிக்கும் இருபத்தெட்டாம் தேதிக்கும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு டிக்கெட் போட்டேன். ராத்திரி ஸ்ரீரங்கத்தில் ஏறினால் காலையில் எழும்பூர்.

போட்டது வீட்டுக்காரியின் மொபைல் நம்பரில் என்பதை யோசிக்கவில்லை. இன்று காலை மெசேஜ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, "எதுக்குங்க ரெண்டு தடவை மெட்ராஸ்?" என்றாள். சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் வக்கீலைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒன்பதாம் தேதி மேடம். நாளன்னிக்கு. அவர் நோட்டட்னு சொன்னாரே?"

இப்போது மணி பத்தே முக்கால். ஸ்லீப்பர் தட்கல் பதினோரு மணிக்குத் திறக்கும். மாமா தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வயசு, பெர்த், ஆதார் நம்பர் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பதிலெல்லாம் அவளே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.